யார் கேட்ட கலர்

பல் செட் செய்யும் வேலைக்கு அவள் போனது தற்செயலாகத்தான். சின்ன வயதில் அம்மாவுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கக் கூட்டிக்கொண்டு போன இடத்தில், உள்ளறையில் ஒருவர் மெழுகில் வரிசையாகப் பல் பதித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அம்மா வீங்கிய கன்னத்தோடு வெளியே வந்து, வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு, போகலாம் என்று கையை ஆட்டியும் அவள் கால் நகரவில்லை. கொஞ்ச நாளில் அதே இடத்தில் அச்சு எடுக்கும் கலவை குழைக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். குழைத்துக் குழைத்து, செதுக்கக் கற்று, பதிக்கக் கற்று, தலை நரைக்கத் தொடங்கும்போது அந்த லேபுக்கே அவள்தான் எல்லாம் என்றாகிவிட்டது. டாக்டரம்மாவிலிருந்து வாசலில் டோக்கன் கொடுப்பவர் வரை எல்லோருக்கும் அவள் 'பல்லக்கா'. காலையில் அவள் படியேறும்போது, "பல்லக்கா வந்தாச்சு, பல்லக்கு எங்க?" என்று கேட்பதற்கென்றே அங்கே இரண்டு பேர் இருந்தார்கள்.

பல் செட்டின் ஈறுக்கு நிறம் கலப்பதில்தான் அவளுக்குப் பேர். பல்லின் வெள்ளையைக் கடையில் வாங்கிவிடலாம். ஈறின் சிவப்பை வாங்க முடியாது. ஒருவர் வாய் ரோஜா நிறம், ஒருவர் வாய் செங்கல் நிறம், புகை பிடிப்பவர் வாய் வேறு. ரோஸ் பொடியில் துளி பழுப்பு, துளி நீலம் சேர்த்து, கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்து, "ம், இதுதான்" என்பாள். அந்த 'இதுதான்' தப்பியதே இல்லை.

அவள் புருஷன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். தரையில் இருந்ததைவிட வானத்தில் இருந்த நேரம் அதிகம் என்பதாலோ என்னவோ, தரைக்கு வந்தாலும் பேச்சு குறைவு. கேட்டதற்கு 'ம்', கேட்காததற்கு அதுவும் இல்லை. உப்பு கூடினாலும் சாப்பிடுவார், குறைந்தாலும் சாப்பிடுவார். கல்யாணம் ஆன நாளிலிருந்து இது வேண்டும், அது வேண்டாம் என்று அவர் வாய் திறந்து கேட்டதாக அவளுக்கு நினைவில்லை. அண்ணி, அதாவது அவளுடைய அண்ணன் மனைவி, இதைச் சொல்லிச் சொல்லிப் பொறாமைப்படுவாள். "எங்க வீட்ல ஒண்ணு இருக்கு, காப்பில சர்க்கரைக்குப் பஞ்சாயத்து வைக்குது. உனக்கு வாய்ச்சது மனுஷனா, மெத்தையா?"

அதுவரை வாடகை வீடுகள்தான். ஒரு வீட்டில் சுவர் பாசிப்பச்சை. இன்னொரு வீட்டில் பழுத்துப்போன க்ரீம். ஆணி அடிக்கக் கூடாது, காலண்டரைக்கூடக் கதவுப் பிடியில்தான் மாட்ட வேண்டும். கடைசியில் மூன்றாம் மாடியில் சொந்தமாக ஒரு வீடு அமைந்தது. ஒரு முன்னறை, ஒரு படுக்கையறை, அடுக்களை, டயர் கடையின் பின்பக்கத்தைப் பார்த்தபடி ஒரு பால்கனி. சாவி கைக்கு வந்த வாரமே அவருக்கு வேறொரு துறைமுகத்துக்கு மாற்றல் உத்தரவும் வந்தது. அங்கே புதிதாக இறங்கிய கிரேன்களை ஓட்டக் கற்றுக்கொடுக்க வேண்டுமாம், ஆறு மாதம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறபோது, "பெயின்டு அடிச்சுடு" என்று மட்டும் சொன்னார்.

பெயின்டர் பெயர் யாருக்கும் தெரியாது, பிரஷ் மாமா என்றால்தான் தெரியும். காதில் பென்சில், கக்கத்தில் கலர் கார்டு. மற்றவர்கள் கல்யாண ஆல்பத்தைக் காட்டுவதுபோல அந்தக் கார்டை அவர் பிரித்துக் காட்டுவார். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பேர் சொல்வார். வெள்ளையிலேயே ஒரு பக்கம் இருந்தது.

அவள் கார்டைப் பார்த்தாள். ஈறு கலக்கிற கண்தான், ஆனால் சுவருக்கு முன்னால் அது ஒத்துழைக்கவில்லை. ஈறு என்றால் பக்கத்தில் ஒரு வாய் இருக்கும், அதற்குப் பொருத்த வேண்டும். இங்கே எதற்குப் பொருத்துவது? வெறும் ஆசைக்கு ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுப்பது அவள் வாழ்க்கையில் வந்ததே இல்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது. புருஷனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

"ஏங்க, சுவருக்கு என்ன கலர்?"

அவர் கிரேன் உச்சியில் இருந்தார். காற்று இரைந்தது. கீழே யாரோ விசில் ஊதினார்கள்.

"உன் இஷ்டம்."

"என் இஷ்டம்னா எனக்குத் தெரியல. நீங்க சொல்லுங்க."

மறுபடி காற்று. அப்புறம், 'மாவ்' என்றோ 'மோவ்' என்றோ ஒரு சொல்லும், "கலர்ல அடிச்சுடு" என்பதும் வந்து, லைன் அறுந்தது.

அவள் போனையே பார்த்தாள். பிரஷ் மாமா முகம் மலர்ந்துவிட்டது.

"மோவ்! அடடா, ஐயா ரசனைக்காரர்மா. எத்தனை வீடு அடிச்சிருக்கேன், இதுவரைக்கும் ஒருத்தர் வாய்ல இந்தப் பேரு வந்ததில்ல." கார்டின் கடைசிப் பக்கத்தை விரித்து, ஒரு கட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

அது ஊதாவும் இல்லை, ரோஸும் இல்லை. கத்தரிப்பூவைச் சாம்பலில் புரட்டி எடுத்தால் வருகிற நிறம். வெங்காயத்தோலின் உள்பக்கம் என்றும் சொல்லலாம்.

"இதையா கேட்டாரு?" என்றாள்.

"என் காதால கேட்டேனே!"

ஒரு நாளும் ஒன்றும் கேட்காத மனிதர், வாயைத் திறந்து ஒன்று கேட்டிருக்கிறார். அதைச் செய்யாமல் விடுவதா? பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, இரண்டு கோட் மோவ் ஏறியது. முன்னறை, படுக்கையறை, நடுவில் இருந்த சின்ன நடை என்று எல்லாவற்றிலும்.

சுவரோடு விட்டிருந்தால் போதும். அவள் அப்படி அரைகுறையாக எதையும் செய்து பழகாதவள். கேட்டது கேட்டார், முழுசாகவே இருக்கட்டும் என்று அண்ணியைக் கூட்டிக்கொண்டு திரைச்சீலை தேடப் போனாள். முதல் கடைக்காரர் மோவ் என்றதும் வயலெட் எடுத்துப் போட்டார். அடுத்தவர் லாவண்டர் என்று ஒன்றைக் காட்டினார், அது நீலத்தில் முடிந்தது. மூன்றாமவர், "அப்படி ஒரு கலரே கிடையாதுக்கா" என்று சத்தியம் செய்தார். சுவரிலிருந்து உரித்த பெயின்ட் துணுக்கைக் கைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்து, ஒரு வழியாகத் திரைச்சீலை, கட்டில் விரிப்பு, மேசை விரிப்பு, இரண்டு குஷன், ஒரு மிதியடி, கடைசியில் ஒரு வாளிகூட வாங்கினாள்.

எல்லாம் போட்டு முடித்து நடு அறையில் நின்றபோது அண்ணி மெதுவாகக் கேட்டாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா, எதுக்கு இந்தக் கலரு?"

"அவருக்குப் பிடிச்சதாம்."

"உனக்கு?"

"எனக்கென்ன, அவருக்குப் பிடிச்சா சரி."

சொல்லிவிட்டாளே தவிர, மனம் அடங்கவில்லை. காலையில் எழுந்தால் சுவர் ரோஸாக இருந்தது. மத்தியானம் சாம்பல். ட்யூப் லைட் போட்டால் நீலம் ஓடியது. ஒரே சுவர், ஒரே டப்பா. இதில் எதை அவர் கேட்டார்? இந்த நிறத்தை எங்கே பார்த்திருப்பார்? துறைமுகத்தில் பெட்டிகள் சிவப்பு, நீலம், பச்சை. கப்பலில் இந்த நிறம் கிடையாது. அவர் அம்மா வீட்டில் இல்லை. யோசித்து யோசித்து, ஒரு நாள் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது, கூடாத இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது யோசனை. கல்யாணத்துக்கு முன்னால் யாராவது ஒருத்தி? இந்த நிறத்தில் ஒரு சட்டையோ, ஒரு குடையோ வைத்திருந்த ஒருத்தி? அதை மறக்க முடியாமல்தான் இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தாரா?

அண்ணியிடம் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பில் மிக்சி நின்றுவிட்டது. "உன் புருஷனுக்கா? அந்த மனுஷன், ஒரு பொண்ணு தன்னைப் பாத்துட்டாளேன்னு கிரேன்ல ஏறிக்கிற ஆளு!" பல்லக்காவும் சிரித்தாள். சிரித்தபின்னும் அந்த எண்ணம் போகாமல், பல் இடுக்கில் மாட்டிய நார்போல உறுத்திக்கொண்டே இருந்தது.

ஆறு மாதம் கழித்து அவர் வந்தார். கதவைத் திறந்து, பெட்டியைக் கீழே வைக்காமலே நின்றார். சுவரைப் பார்த்தார், திரைச்சீலையைப் பார்த்தார், குஷனைப் பார்த்தார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் சந்தோஷம் தெரிகிறதா, பழைய ஞாபகம் ஏதாவது தெரிகிறதா? ஒன்றும் பிடிபடவில்லை.

"எப்படி இருக்கு?"

"ம். நல்லா இருக்கு," என்றார். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து 'ரொம்ப' வந்ததை அவள் அன்றுதான் கேட்டாள்.

அதற்குப் பிறகுதான் குழப்பம் கூடியது. அவர் அவளிடம் ஒரு மாதிரிப் பதமாக நடந்துகொண்டார். சாப்பிட்டாயா என்றார், தூங்கினாயா என்றார். வேலை முடிந்து வரும்போது அவளுக்கு ஒரு குடை வாங்கி வந்தார், மோவ் கலரில். அடுத்த மாதம் ஒரு கம்பளிச் சட்டை, அதுவும் அதே. ஒரு முறை குளியலறைக்கு ஒரு சோப்புப் பெட்டி. எந்தக் கடையில் தேடிப் பிடித்தாரோ! இந்த மனிதர் அந்த நிறத்தை விடுவதாக இல்லையே! குடையைப் பிடித்துக்கொண்டு போனாள். சட்டையைப் போட்டுக்கொண்டாள். பதிலுக்கு அவருக்கும் ஒரு துண்டு வாங்கி வைத்தாள், அதே நிறத்தில். துண்டைப் பார்த்ததும் அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு அதை மென்று விழுங்கிக்கொண்டு, "ம், நல்லா இருக்கு" என்றார்.

மழைக்காலத்தில் லேபின் கூரை ஒழுகியது. சரிசெய்து முடிக்கும்வரை அவள் வேலையை வீட்டுக்கு எடுத்துவந்து, முன்னறை மேசையில் வைத்துச் செய்தாள். மெழுகு, விளக்கு, பொடி டப்பாக்கள் எல்லாம் மேசையில் ஏறின. ஒரு பெரியவருக்கு மேல் செட்டும் கீழ் செட்டும். ஈறு கலந்து, வழக்கம்போலக் கண்ணுக்கு நேரே பிடித்தாள். கொஞ்சம் வெளிறித் தெரிந்தது. துளி நீலம் சேர்த்தாள். இன்னும் போதவில்லை. இன்னொரு துளி. "ம், இதுதான்."

நான்கு நாள் கழித்து அந்தப் பெரியவர் கிளினிக்குக்குத் திரும்பி வந்தார். கூடவே அவர் மனைவியும். வாயைத் திறக்கச் சொன்ன டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இவரு பீட்ரூட்டைத் தின்னுட்டு வாய் கொப்புளிக்கலன்னு தினமும் திட்டுறேன் டாக்டர்," என்றார் அந்த அம்மாள். "அப்புறம்தான் தெரிஞ்சுது, பல் செட்டே அப்படித்தான்னு."

பெரியவர் பாவம், வாயைத் திறந்தபடியே தலையை ஆட்டினார்.

பல்லக்காவை வரவழைத்தார்கள். செட்டைக் கையில் வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோனாள். ஊதா ஓடிய ஈறு. குருடரும் கண்டுபிடித்துவிடுவார். இதையா 'இதுதான்' என்றோம்? அன்றைக்கே கண் டாக்டரிடம் போனாள். எழுத்தைப் படிக்கச் சொன்னார், புள்ளிகளுக்குள் எண்ணைத் தேடச் சொன்னார், டார்ச் அடித்தார். "கண்ணுல ஒரு கோளாறும் இல்லம்மா" என்றார். அதுதான் பயமாக இருந்தது. கோளாறு இருந்தால் சொட்டு மருந்து போடலாம். ஒன்றும் இல்லை என்றால் எதற்கு மருந்து போடுவது?

மறுநாள் டாக்டரம்மா அவளை உட்காரவைத்தார். "பல்லக்கா, எங்க வச்சுக் கலந்தீங்க?"

"வீட்லதான்."

"வீட்ல என்ன லைட்டு?"

"சாதா லைட்டுதான். சுவரு மட்டும் மோவ் கலரு. திரைச்சீலையும். மேசை விரிப்பும்." சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றாள்.

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "அவ்வளவு ஊதாவுக்கு நடுவுல ஒரு ரோஸை வச்சா, அது செத்துப்போய்த்தான் தெரியும். நீங்க அதுக்கு உயிர் குடுத்துட்டீங்க. ஒண்ணு வீட்ல வேலை பாக்காதீங்க, இல்ல சுவரை மாத்துங்க."

கூரை இன்னும் சரியாகவில்லை. ஆக, சுவரை மாற்ற வேண்டும். ஆனால் புருஷனிடம் எப்படிச் சொல்வது? வாழ்நாளில் அவர் கேட்ட ஒரே ஒரு பொருளைப் பிடுங்குவதுபோல அல்லவா ஆகும்? இரண்டு நாள் வாய்வரை வந்து திரும்பியது. மூன்றாம் நாள் மாலை அவர் பால்கனியில் நின்று துணி மடித்துக்கொண்டிருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு போய் நின்றாள்.

"ஏங்க, ஒண்ணு சொன்னா வருத்தப்பட மாட்டீங்களே?"

"சொல்லு."

"இந்தச் சுவரு கலரை மாத்தணும். வேலை கெடுது. உங்களுக்கு உசுருன்னு தெரியும், ஆனா…"

அவர் மடித்த துண்டைக் கீழே வைத்தார். "யாருக்கு உசுரு?"

"உங்களுக்குத்தான்."

"எனக்கா? உனக்குப் பிடிச்சதுன்னுதானே அடிச்சே?"

"எனக்கா? நீங்கதானே போன்ல சொன்னீங்க, மோவ்னு!"

"மோவா? அப்படின்னா என்ன?"

அவள் சுவரைக் காட்டினாள். அவர் சுவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். எங்கோ ஒரு காற்று இரைச்சல் அவர் காதில் திரும்ப ஓடியிருக்க வேண்டும். முகம் மெல்ல மாறியது.

"நான் மாவுன்னு சொன்னேன். மாவுக் கலர்! வெள்ளையா, மாவு மாதிரி. எங்க கிரேன் கேபின் உள்ள அப்படித்தான் இருக்கும். கண்ணுக்கு நல்லா இருக்குமேன்னு சொன்னேன்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "அப்ப அந்தக் குடை? சட்டை? சோப்புப் பெட்டி?"

"உனக்குப் பிடிச்ச கலராச்சேன்னு ஊரெல்லாம் தேடினேன்." அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். "நான் என்ன நினைச்சேன் தெரியுமா? தனியா விட்டுட்டுப் போனதுல உனக்கு மனசுல என்னவோ ஆயிடுச்சுன்னு நினைச்சேன். வாளிகூட அதே கலர்ல இருந்துது. பயந்துட்டேன். கூட வேலை செய்யறவன் சொன்னான், இப்படி இருக்கிறவங்களை எதிர்த்துப் பேசக் கூடாது, போற போக்குல விடணும்னு."

"அதான் தூங்கினியா, தூங்கினியான்னு கேட்டீங்களா?"

"ம்."

"நான் நினைச்சதைச் சொல்லவே மாட்டேன்."

"சொல்லு."

"மாட்டேன்."

கேட்டுக் கேட்டுக் கடைசியில் சொல்லிவிட்டாள். அவர் சிரித்துச் சிரித்து இருமல் வந்து, தண்ணீர் குடிக்க வேண்டியதாகிவிட்டது. "இந்த மூஞ்சிக்கு ஒருத்தி! அவளுக்குத் தனியா ஒரு கலரு!"

சிரித்து முடித்ததும் அவளுக்குக் கோபம் வந்தது. "பிடிக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"நீ சொன்னியா?"

இருவரும் சேர்ந்து பிரஷ் மாமாவைக் கூப்பிட்டார்கள். அவர் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் ஆள் இல்லை.

"போன்ல மோவ்னுதான் விழுந்துது. சரி, மாவுன்னே வச்சுக்குவோம். எந்த மாவு? அரிசி மாவா, கோதுமை மாவா, கேழ்வரகு மாவா? மாவுன்னா ஒரே கலரா? நான் கேழ்வரகு அடிச்சிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

கிரேன்காரர் பேய் முழி முழித்தார். எந்த மாவு என்று அவர் யோசித்ததே இல்லை.

கடைசியில் படுக்கையறையில் வேலை மேசையைப் போட்டுக்கொள்வதாகவும் அந்த அறையை வெள்ளையாக்குவதாகவும் முடிவாயிற்று. அதை பிரஷ் மாமா இரண்டே நாளில் முடித்துவிட்டார். முன்னறைக்குத்தான் தகராறு. பார்த்துவிட்டுச் சொல்லட்டும் என்று நடுச்சுவரில் ஒரு கதவு அகலத்துக்கு அரிசி மாவு வெள்ளையைப் பூசிக் காயவிட்டார். மூவரும் எட்ட நின்று பார்த்தார்கள். மோவுக்கு நடுவே அந்த வெள்ளை லேசாகப் பச்சை அடித்து, ஆஸ்பத்திரித் திரைபோலத் தெரிந்தது.

"என்ன, நாளைக்கு வரவா?" என்றார் பிரஷ் மாமா.

"வாங்க," என்றாள் அவள். அதே நேரத்தில், "வேண்டாம்" என்றார் அவர்.

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இல்ல, அவ சொன்னா வாங்க."

"இல்ல, அவருக்கு வேண்டாம்னா வேண்டாம்."

பிரஷ் மாமா பென்சிலைக் காதில் செருகினார். "இப்படிப் பேசிப் பேசித்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கு. நான் போய் டீ குடிக்கிறேன். ரெண்டு பேரும் அவங்கவங்களுக்கு என்ன பிடிக்கும்னு மட்டும் யோசிங்க. அடுத்தவங்களுக்கு என்ன பிடிக்கும்னு யோசிச்சா கார்டு பத்தாது."

அவர் போனபின் இருவரும் குஷனில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். அவள் சுவரைப் பார்த்தாள். இத்தனை நாளும் அதை அவருடைய ஆசையாகவே பார்த்திருக்கிறாள், நடுவில் யாரோ ஒருத்தியுடைய நினைவாகவும் பார்த்திருக்கிறாள். இப்போது அது யாருடையதும் இல்லை. யாரும் கேட்காத ஒரு நிறம், தானாக வந்து வீடு முழுக்க உட்கார்ந்திருந்தது. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. சுவர் சாம்பலிலிருந்து மெல்ல ரோஸுக்குப் போனது. நன்றாக இருக்கிறதா? இருக்கிறது போலவும் இருந்தது. பழகிவிட்டதா, பிடித்துவிட்டதா? ஈறு என்றால் ஒரு வாயைப் பார்த்துச் சொல்லிவிடலாம். இதற்கு எந்த வாயைப் பார்ப்பது என்று புரியவில்லை.

டீ குடித்துவிட்டு பிரஷ் மாமா வந்தார். இன்னும் முடிவாகவில்லை என்றார்கள். அடுத்த வாரம் வந்தார். அப்போதும் முடிவாகவில்லை. அப்புறம் அவருக்கு வேறு வேலை வந்துவிட்டது. முன்னறை அப்படியே நின்றது, நடுவில் ஒரு வெள்ளைக் கதவோடு. வருகிறவர்கள் அதைப் புது மாதிரி அலங்காரம் என்று எண்ணிக்கொண்டார்கள். கீழ்வீட்டுக்காரர் ஒரு நாள் அளவெடுத்துக்கொண்டுகூடப் போனார்.

கூரை சரியாகி லேப் திறந்தபின் பல்லக்கா வேலைக்குத் திரும்பினாள். பெரியவருக்குப் புதுச் செட் கொடுத்தாள். அவர் கண்ணாடியில் பார்த்து, மனைவியைப் பார்த்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அன்று வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றாமலே முன்னறை வாசலில் நின்றாள்.

உள்ளேயிருந்து புருஷன் கேட்டார். "என்ன, அப்படி நிக்கிற?"

"சுவரைப் பாக்கறேன்."

"பிடிச்சிருக்கா?"

"இருங்க," என்றாள். "இன்னும் பாத்துட்டிருக்கேன்."